ஒரு நாள் காரை நிறுத்தினா என்ன ஆகும்?

சரி, அடுத்த கேள்வி. உச்சிப்புளியிலேர்ந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காப்ல. "சார், செப்டம்பர் 22 கார் இல்லா நாள்னு காலேஜுக்கு எல்லாரையும் சைக்கிள்ல வரச் சொன்னாங்க. ஒரு நாள் நிறுத்தி என்ன ஆகப்போகுது? மறுநாள் பழைய குருடி கதவைத் திறடிதானே?"

நல்லா கேட்டீங்க தம்பி. ரெண்டு நாளா மண்டைக்குள்ள இதுதான் ஓடுது.

பாரிஸ்ல 2015 செப்டம்பர் 27, ஞாயித்துக்கிழமை, நகரத்துல ஒரு பகுதிக்குள்ள காரை விடல. சில இடத்துல வண்டிப் புகையில வர்ற நைட்ரஜன் டை ஆக்சைடு 40 சதவீதம் வரைக்கும் இறங்கிடுச்சு. அந்த வாயு பகல் வெயில்ல சில மணி நேரந்தான் தாங்கும். வண்டி நின்னா காணாமப் போயிடும், கிளம்பினா வந்துடும். அந்த மட்டுக்கு நீங்க சொல்றது சரிதான். கார்பன் டை ஆக்சைடு அப்படியில்ல, நூத்துக்கணக்கான வருஷம் மேலேயே கிடக்கும். அதுக்கு ஒரு நாளெல்லாம் ஒரு கணக்கே இல்ல.

நம்ம மீன்பிடித் தடைக்காலம் ஏன் 61 நாள்? பவளப்பாறை வீடியோவுலயே சொன்னேன். மீன் முட்டை போட்டு குஞ்சு தேறணும், அதுக்கு நாள் வேணும். கார் இல்லா நாள் அந்தக் கணக்குல வராது. அது வெறும் வயித்துல சர்க்கரை டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கிற மாதிரி. ஒரு ராத்திரி பட்டினி கிடந்தா சர்க்கரை வியாதி போயிடுமா? போகாது. ஆனா உள்ள எவ்வளவு இருக்குன்னு தெரியும்ல? வண்டியை நிறுத்தினாத்தான் எது வண்டியால வந்துச்சு, எது அடுப்பு, குப்பை, புழுதியால வந்துச்சுன்னு பிரிச்சுப் பாக்கலாம். வெறும் வயிறு, மறந்துடாதீங்க.

சோதனையில ஏடாகூடமாவும் வரும். 2020 ஊரடங்குல பல நகரங்கள்ல ஓசோன் ஏறிடுச்சு, அது தரை மட்டத்துல இருந்தா மூச்சுக்குக் கெடுதல். வண்டிப் புகையில இருக்கிற நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. புகை குறைஞ்சதும் தின்ன ஆளில்ல.

நம்ம பக்கம் கச்சான், அதான் மேல்காத்து, அடிக்கிற மாசத்துல புகைக்கு நிக்க இடமேது? கடலுக்குப் போயிடும். இங்க பாக்க வேண்டியது வேற. புயல் கூண்டு ஏத்தினா தனுஷ்கோடிக்கு வண்டியை விடமாட்டாங்கல்ல? ஒருவாட்டி காத்து அடங்கின மறுநாள் காலையில, தடுப்பை இன்னும் எடுக்கல, பக்கத்துல கம்பிப்பாடுங்கிற மீனவ ஊர்க்காரர் ஒருத்தரோட அந்த ரோட்டுல நடந்தேன். தார் மேல மணல் படிஞ்சு கிடக்கு. அதுல தையல் போட்ட மாதிரி நண்டுக் கால்தடம், இந்தக் கடல்லேர்ந்து அந்தக் கடல் பக்கம். ஒண்ணு நடு ரோட்டுல நின்னு கண்ணைத் தூக்கி எங்களையே பாக்குது. மத்த நாள்ல அந்த இடத்துல அப்பளமாத்தான் கிடக்கும். அவர் சொன்னாரு, "சார், அலைச் சத்தம் ரெண்டு பக்கமும் கேக்குது பாருங்க." அந்த ரோடு 2017லதான் அரிச்சல்முனை வரைக்கும் போட்டாங்க.

தம்பி, நீங்க இதைக் கேட்டிருக்கலாம்: ரயிலை நிறுத்தினா என்ன ஆகும்? ராமேஸ்வரம் தீவுக்கு 1914லேர்ந்து ரயில் வருது, ரோட்டுப் பாலம் 1988லதான். 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயிலை நிறுத்தினாங்க, புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாங்க. ரெண்டேகால் வருஷம் ராமேஸ்வரம் வந்த அத்தனை பேரும் ரோட்டுலதான் வந்தாங்க. மண்டபத்துல ரயிலை விட்டு இறங்கி பஸ்ஸு, வேனு, ஆட்டோ. ஆடி அமாவாசைக்கு எங்க பெரியம்மாவைக் கூட்டிட்டு வந்தேன், பாலத்து மேல அப்படியே நிக்கிறோம். முன்னாடி வேன்லேர்ந்து நாலு பேர் இறங்கி செல்ஃபி எடுக்கிறாங்க, பின்னாடி பஸ்காரர் ஹாரன்லேர்ந்து கையை எடுக்கல. பெரியம்மா முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு, "ரயில்னா இந்நேரம் குளிச்சு முடிச்சிருப்பேன்டா"ங்குது.