பேச்சுக்கு முந்தைய வருடம்

வணக்கம் நேயர்களே. குழந்தை எப்போது பேச ஆரம்பிக்கும் என்று கேட்டால், "ஒரு வயசு வாக்கில் அம்மா, அத்தைன்னு சொல்லும்" என்போம். சரிதான். நான் பேச வந்தது அதற்கு முந்தைய வருடத்தைப் பற்றி. வாயில் ஒரு சொல்லும் வராத அந்த வருடத்தில் காது பெரிய வேலை ஒன்றைச் செய்து முடித்துவிடுகிறது.

'பத்து', 'பட்டு'. இரண்டையும் இப்போது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. 'த'வுக்கு நாக்கு மேல்பல்லைத் தொடுகிறது. 'ட'வுக்கு மடங்கி மேலே அண்ணத்தைத் தொடுகிறது. இரண்டும் வேறு என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்தவர் காதில் இரண்டும் ஒன்றுபோல விழும். தமிழ் படிக்க வந்த வெளிநாட்டு நண்பர் ஒருவர் துணிக்கடையில் "பத்துப் புடவை" கேட்டார். கடைக்காரரும் பெரிய வியாபாரம் என்று நினைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்! எத்தனை முறை திருத்தியும் அந்த நண்பருக்கு வித்தியாசம் பிடிபடவே இல்லை.

அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பிடிபட்டிருக்குமா? பிடிபட்டிருக்கும். கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேசத் தெரியாத குழந்தையிடம் எப்படிக் கேள்வி கேட்பது? அம்மா மடியில் உட்கார வைக்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருகிறது: த, த, த. திடீரென்று அது 'ட' ஆகிறது. அந்த நேரம் குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்துப் பெட்டிக்குள் விளக்கு எரிந்து ஒரு பொம்மை ஆடும். ஒலி மாறினால் பொம்மை வரும் என்பதைக் குழந்தை சீக்கிரமே பிடித்துக்கொள்கிறது. இந்த வகைச் சோதனைகளில் அம்மா காதில் பாட்டுப் போட்டு ஹெட்போன் மாட்டிவிடுவது வழக்கம். அம்மாக்கள் தங்களை அறியாமலே ஜாடை காட்டிவிடுவார்கள் அல்லவா?

ஒலிகள் இந்தியில் உள்ளவை. நம்முடைய த, ட போன்றவைதான். கேட்டவை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை சரியாகத் திரும்பின. 10 முதல் 12 மாதத்தில் திரும்பியவை மிகக் குறைவு. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கோ ஒரு வயது நெருங்கும்போதும் வித்தியாசம் தெளிவாகக் கேட்டது.

அந்தத் திறமை மழுங்கிவிட்டதே என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் புழங்கும் ஒலி எது, புழங்காதது எது என்று ஒரு வயதுக்குள் பிரித்துக்கொள்வதுதான் கற்றல். அப்புறம் என் பழைய புலம்பலையும் சொல்லிவிடுகிறேன்: பிள்ளைக்கு 'ழ' வரவில்லை என்று குறைப்படும் வீட்டில், பெரியவர்கள் எல்லாரும் 'வாளப்பளம்' என்றுதான் சொல்வார்கள். காதில் விழாத ஒலியைக் குழந்தை எங்கே போய்ப் பிடிக்கும்?

சரி, ஒலி பிரிந்தது. சொல்லை எப்படிப் பிரிப்பது? நாம் பேசும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. 'அப்பாவந்துட்டாங்கபாரு' என்று ஒரே ஓட்டம். 1996-ல் ஜென்னி சாஃப்ரன் குழுவினர் 'கோலாபு', 'துபிரோ' மாதிரி அர்த்தமில்லாத நான்கு சொற்களை இடைவெளியே இல்லாமல், ஏற்ற இறக்கமும் இல்லாமல் கோத்து 8 மாதக் குழந்தைகளுக்கு ஒலிக்கவிட்டார்கள். இரண்டே நிமிடம். 'கோ'வுக்குப் பிறகு எப்போதும் 'லா' வருகிறது, 'பு'வுக்குப் பிறகு மட்டும் எது வேண்டுமானாலும் வருகிறது என்பதைக் குழந்தைகள் கவனித்துவிட்டன. சொல் எங்கே முடிகிறது என்பது அதிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் டிவியைப் போட்டுவிட்டால் போதுமே என்று நினைக்கத் தோன்றும். அமெரிக்காவில் பட்ரீஷியா குல் 2003-ல் இதைப் பார்த்திருக்கிறார். 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, 12 முறை, புத்தகம் காட்டி, பொம்மை காட்டிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகள் பிடிபட்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. கைபேசியில் பாட்டு ஓடினால் குழந்தை சாப்பிடும், ஒப்புக்கொள்கிறேன். மொழி வருவது குளிப்பாட்டும்போது பாட்டி பேசுகிற பேச்சில்தான்.

இரண்டு மொழி பேசும் வீடுகளைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிடம் என்று கை காட்டுகிறார்கள். அதனால் இதை மட்டும்: காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் 'ங்கா' கொட்டி, கூவி விளையாடும். அதை வைத்துக் காது கேட்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். சந்தேகம் என்றால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையோ பயிற்சியோ தொடங்கிவிட வேண்டும். அது வலிக்காத சோதனை, குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். நன்றி, வணக்கம்.