படுக்கையில் புரண்டால் அறை சுற்றுகிறதா?

டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு வணக்கம்.

விடியற்காலையில் புரண்டு படுத்ததும் அறையே ராட்டினமாகச் சுற்றுகிறது. ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. தோரணம் கட்ட அண்ணாந்தால் மறுபடியும் சுற்றல். பிரஷர், பித்தம் என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு உட்காதில்தான்.

அங்கே ஒரு சிறு பையில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். அவை பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுந்துவிட்டால், தலை அசைந்து நின்ற பிறகும் உருண்டு குழல்நீரை இழுக்கும். மூளை, நாம் சுழல்கிறோம் என்று நம்பிவிடும். மாத்திரை குமட்டலைத் தணிக்கலாம், துகளை நகர்த்தாது.

முதலில் எந்தக் காது என்று தெரிய வேண்டும். பிசியோ, அதாவது இயன்முறை சிகிச்சையாளர், உங்கள் தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்துக் கண்ணைப் பார்ப்பார். சில நொடி கழித்துக் கண்மணி துடித்துச் சுழன்றால், கீழே இருக்கும் காதுதான்.

தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளைக் குழலிலிருந்து பைக்கே உருட்டிவிடுவதுதான் எப்லி முறை. வலக்காது என்றால் இப்படி: கால் நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, தோளுக்கடியில் தலையணை வரும்படி சாயுங்கள். தலை பின்னால் சற்றுத் தொங்கட்டும். சுற்றல் நின்ற பிறகும் அரை நிமிடம் இருங்கள். தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்புங்கள். மறுபடி அரை நிமிடம். உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்வரை திரும்புங்கள்; இன்னொரு அரை நிமிடம். பிறகு, தாடை தாழ்ந்திருக்க, எழுந்து உட்காருங்கள். விழாமல் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

பலர் கெடுப்பது நடுவில்தான்: பயந்துபோய்த் தலையைத் தூக்கிவிடுவார்கள், துகள் வந்த வழியே திரும்பிவிடும். செய்து முடித்ததும் இரண்டு ராத்திரி உட்கார்ந்தே தூங்கு என்ற பழைய கட்டளை இப்போது தேவையில்லை.

கழுத்தில் தேய்மானமோ அடியோ இருந்தால் தனியாகச் செய்யாதீர்கள். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம், திடீர்க் கடுந்தலைவலி, ஓயாத சுற்றல் என்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு.

தென்னாப்பிரிக்காவில் டாக்டர் கடிதம் இல்லாமலே பிசியோவைப் பார்க்கலாம். போன் பண்ணும்போதே கேளுங்கள், தலைச்சுற்றல் பார்ப்பீர்களா என்று. முதுகும் முழங்காலும் மட்டுமே பார்ப்பவர்களும் உண்டு.