எல்லா ஆமைக்கும் ஓடு ஒன்றல்ல

வணக்கம், வாருங்கள். கார்ட்டூன்களில் ஆமை தன் ஓட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குளிக்கப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சியை வரைந்தவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. ஓட்டைக் கழற்றினால் ஆமை குளிக்கப் போகாது, செத்துப்போகும். கழன்று வருவது அதன் முதுகெலும்பு அல்லவா!

இதோ, திரையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். ஓர் ஆமை ஓட்டின் உட்புறம் இது. நடுவில் நீளமாகத் தெரிவது முதுகெலும்பு. அதன் இருபுறமும் பட்டையாக அகன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பவை விலா எலும்புகள். அவற்றின் மேல் நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆன தகடுகள். இன்னொன்றையும் கவனியுங்கள். நம் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கிறது, ஆமைக்கோ உள்ளே இருக்கிறது. விலா எலும்புகள் அசையாததால் நம்மைப் போல மார்பை விரித்து அதனால் மூச்சு வாங்க முடியாது. வயிற்றுப் பகுதித் தசைகள்தான் நுரையீரலை இயக்குகின்றன.

இந்த விசித்திரம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. சீனாவில் கிடைத்து 2008-இல் அறிவிக்கப்பட்ட ஓடோன்டோகெலிஸ் என்ற புதைபடிவத்துக்கு வயது ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகள். அதற்கு வயிற்றுப் பக்கத்து ஓடு முழுமையாக இருந்தது, முதுகுப் பக்கத்து ஓடு இன்னும் உருவாகி முடியவில்லை. வாயில் பற்கள் வேறு! இன்று வாழும் எந்த ஆமைக்கும் பல் கிடையாது, கூரிய அலகுதான்.

உலகில் இன்று சுமார் 360 வகை ஆமைகள் இருக்கின்றன. அத்தனையையும் வரிசையாகச் சொன்னால் நீங்களும் தூங்கிவிடுவீர்கள், நானும் தூங்கிவிடுவேன். அதனால் இன்று ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறேன். கழற்றவே முடியாத இந்த எலும்புப் பெட்டியை ஒவ்வோர் ஆமையும் என்ன செய்துகொண்டது?

முதலில் கழுத்து. பெரும்பாலான ஆமைகள் கழுத்தை மேலும் கீழுமாக வளைத்துத் தலையை நேராக உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவை கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டின் விளிம்புக்கு அடியில் செருகிக்கொள்ளும். அமேசான், ஓரினோகோ ஆறுகளில் வாழும் மட்டமட்டா இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. பார்த்தால் ஆமை என்றே சொல்ல மாட்டீர்கள், ஊறிப்போன மரப்பட்டை என்பீர்கள். ஆற்றின் அடியில் அசையாமல் கிடக்கும். மீன் அருகில் வந்ததும் வாயை அகலத் திறக்கும், தண்ணீரோடு மீனும் உள்ளே போய்விடும். மெல்லுவதெல்லாம் இல்லை.

தலை ஒன்று, கால்கள் நான்கு, ஆக ஐந்தையும் அடக்கிக்கொள்வதுதான் ஆமையின் குணம் என்று நினைக்கிறோம். கடலாமைகளால் அது முடியவே முடியாது. தலையும் துடுப்புகளும் எப்போதும் வெளியேதான் இருக்கும். கடலாமைகளில் இருப்பதே ஏழு வகை: பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, பங்குனி ஆமை, கெம்ப் ரிட்லி, ஆஸ்திரேலியக் கரைகளில் மட்டும் முட்டையிடும் தட்டைமுதுகு ஆமை, பிறகு ஏழுவரி ஆமை. முதல் ஆறைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். ஏழாவதை மட்டும் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஏழுவரி ஆமை கெட்டியான ஓட்டையே வேண்டாம் என்று விட்டுவிட்டது. முதுகில் இருப்பது தடித்த, எண்ணெய்ப் பசையுள்ள தோல். அதற்குள் சின்னச் சின்ன எலும்புத் துண்டுகள் பதிந்திருக்கின்றன. நீளவாக்கில் ஏழு மேடுகள். இந்த முதுகு நெகிழ்ந்து கொடுக்கும் என்பதால் ஆழ்கடல் அழுத்தத்தை அதனால் தாங்க முடிகிறது. 1,200 மீட்டருக்கும் கீழே மூழ்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உயிரோடிருக்கும் ஆமைகளில் மிகப் பெரியதும் இதுதான். 1988-இல் வேல்ஸ் கடற்கரையில் ஒதுங்கிய ஒன்றின் எடை 916 கிலோ! இவ்வளவு பெரிய உடம்பு ஜெல்லி மீனைத் தின்றே வளர்கிறது. அதன் தொண்டைக்குள் ஒரு முறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். பின்னோக்கி வளைந்த முட்கள் வாயிலிருந்து உணவுக்குழாய் வரை அடர்ந்திருக்கும். வழுக்கும் ஜெல்லி மீன் திரும்பி வெளியே வர வழியே இல்லை. மிதக்கும் பிளாஸ்டிக் பைக்கும் இதே கதிதான், உள்ளே போனது போனதுதான்.

நன்னீரில் மென்னோட்டு ஆமைகள் இருக்கின்றன. அவையும் மேல் தகடுகளை உதறிவிட்டன. தட்டையான உடம்போடு மணலுக்குள் புதைந்துகொண்டு, நீண்ட மூக்கை மட்டும் நீருக்கு மேலே நீட்டும். பாதுகாப்புக்கு ஓட்டை நம்பாமல் வேகத்தையும் கடியையும் நம்புகின்றன. அந்தக் கடி எப்படிப்பட்டது என்று சோதித்துப் பார்க்க வேண்டாம். பெட்டி ஆமைகள் இதற்கு நேர் எதிர். வயிற்றுப் பக்கத்து ஓட்டில் கீல் போன்ற ஒரு மூட்டு இருக்கிறது. தலையையும் கால்களையும் இழுத்துக்கொண்டு முன்னும் பின்னும் மூடிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது கென்யா, தான்சானியாவின் பாறைக் குன்றுகளில் வாழும் தட்டை ஆமை. யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஓட்டின் எலும்புகளில் பெரிய இடைவெளிகள் இருப்பதால் எடையும் குறைவு, வளைந்தும் கொடுக்கும். ஆபத்து வந்தால் இது தலையை இழுத்துக்கொண்டு உட்காராது, ஓடும்! ஆமைதான், உண்மையாகவே ஓடும். ஓடிப்போய்ப் பாறை இடுக்கில் புகுந்து கால்களை ஊன்றிக்கொண்டால் வெளியே இழுப்பது எளிதல்ல.

கலாபகஸ் தீவுகளின் பெரிய ஆமைகளில் ஓடு தீவுக்குத் தீவு மாறுகிறது. புல் செழித்த ஈரமான தீவுகளில் குவிந்த ஓடு. வறண்ட தீவுகளில் ஓட்டின் முன்பகுதி சேணம் போல மேலே தூக்கியிருக்கும். கழுத்தை உயர்த்திக் கள்ளிச் செடியை எட்டிக் கடிக்க அந்த இடைவெளி வேண்டும். பின்டா தீவு ஆமைகளில் கடைசியாக இருந்த ஜார்ஜ் 2012 ஜூனில் இறந்ததும் அந்த வகையே முடிந்துபோனது.

நிலத்து ஆமைகளைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனிதர்களுக்கு முன்பே நிலவைச் சுற்றி வந்தவை இரண்டு ஆமைகள். 1968 செப்டம்பரில் சோவியத்தின் சோண்ட் 5 விண்கலத்தில் போய்விட்டு உயிரோடு திரும்பின. மனிதர்களை நிலவைச் சுற்றிக் கொண்டுபோன அப்பல்லோ 8 கிளம்பியது அதே ஆண்டு டிசம்பரில்தான். மெதுவாகப் போகிறவர் யார், சொல்லுங்கள்!

இப்போது ஓட்டின் மிகப் பெரிய வித்தைக்கு வருகிறேன். வட அமெரிக்காவின் வண்ண ஆமை, குளம் உறைந்ததும் பனிக்கட்டிக்கு அடியில் தங்கிவிடுகிறது. மேலே வந்து மூச்சு விட வழியில்லை. நீரிலும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்படியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் உடம்பு இயங்கினால் லாக்டிக் அமிலம் சேரும், சேர்ந்தால் இரத்தம் அமிலமாகி உயிர் போகும். வண்ண ஆமையின் ஓடு கால்சியம், மெக்னீசியம் கார்பனேட்டுகளை இரத்தத்தில் கரையவிட்டு அந்த அமிலத்தை முறிக்கிறது. போதாததற்கு அந்த அமிலம் விட்டுச்செல்லும் லாக்டேட்டில் ஒரு பங்கைத் தானே உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கவசம் என்று நினைத்தோம், உள்ளே மருந்துக் கிடங்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் ஆற்று ஆமை மூச்சுக்கு வேறு வழி கண்டிருக்கிறது, பின்துளை வழியாகவே நீரிலிருந்து ஆக்சிஜனை எடுக்கிறது. சிரிக்காதீர்கள், அதற்கு நன்றாகவே பயன்படுகிறது.

கடைசியாக, தொட்டியில் ஆமை வளர்ப்பவர்களுக்கு. பெரும்பாலும் உங்களிடம் இருப்பது செங்காது ஆமையாகத்தான் இருக்கும், சொந்த ஊர் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும், வளர்ந்தால் 30 சென்டிமீட்டரை நெருங்கும், பல பத்தாண்டுகள் வாழும். சால்மோனெல்லா கிருமியைப் பரப்பியதால் நான்கு அங்குலத்துக்கும் சிறிய ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-இல் தடை விதித்தது. ஆகவே தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பெரிதாகிவிட்டதே என்று ஏரியில் விட்டுவிடாதீர்கள், அங்குள்ள ஆமைகளின் இடத்தை இது பிடித்துக்கொள்ளும். முக்கியமாக, வெயிலோ புற ஊதா விளக்கோ, நீருக்கு மேலே ஏறி உடம்பை உலர்த்த ஓர் இடமோ இல்லாத தொட்டியில் வைக்காதீர்கள். வெளிச்சமும் கால்சியமும் குறைந்தால் ஓடு மென்மையாகி உருக்குலையும். அப்படித் தெரிந்தால் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு போங்கள்.