குளக்கட்டில் ஏறிப் பழகியவன் மலையேறிய கதை

(கிளிநொச்சியில் ஒரு வாசிகசாலை ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னை "சுவிசில் மலையேறி வந்தவர்" என்று அறிமுகப்படுத்தினார். அதை முதலில் திருத்திவிடுகிறேன். நான் ஏறியது பாதி. அந்தப் பாதிக்கே நாக்குத் தள்ளிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஏறுவதென்றால் குளக்கட்டுத்தான். இரணைமடுக் கட்டில் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். எனக்குத் தெரிந்த உயரம் அவ்வளவுதான். அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது லுசேர்ன் ஏரிக்கரையில் பிலாத்துஸ் மலையைக் காட்டினார்கள். உச்சி 2128 மீற்றர். "எங்கட சிவனொளிபாதமலை 2243 மீற்றர், இது அதைவிடச் சின்னன்" என்று அத்தானிடம் சொன்னேன். அந்த மலையிலும் நான் ஏறியதில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடிவாரத்து அல்ப்னாக்ஸ்டாட்டிலிருந்து மேலே ஒரு பல்சக்கர ரயில், தண்டவாளத்துப் பல்லைச் சக்கரத்தால் பிடித்து ஏறுகிறது, போகிறது. 1889 முதல் ஓடுகிறது. சில இடங்களில் சரிவு நூற்றுக்கு 48. பல்சக்கர ரயில்களில் உலகத்திலேயே செங்குத்தானது அதுதான். அதற்கு ஏன் காசு கொடுப்பான், நடப்போம் என்று நினைத்தேன். முதல்நாள் இரவே மருமகன் என் காலைப் பார்த்துவிட்டு, "மாமா, இது கலியாண வீட்டுக்குப் போடுற சப்பாத்து" என்றான். சிரித்துவிட்டு விட்டேன். மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போனபிறகு, "ஏரிக்கரையில் நடந்துவிட்டு வாறன்" என்று அக்காவுக்கு ஒரு செய்தி. அது பொய்.

அங்கே பாதைக்குப் பாதை மஞ்சள் பலகை. அதில் தூரம் இல்லை, நேரம்தான். நாங்கள் 155ஆம் கட்டை என்று இடத்துக்கே வீதியோரத் தூரக்கட்டைக் கணக்கில் பெயர் வைத்த ஆட்கள். நேரத்தைப் பார்த்ததும் எனக்குத் துணிவு வந்துவிட்டது. அந்த நேரம் நிற்காமல் நடக்கிறவனுக்குப் போட்ட கணக்கு என்று பிறகுதான் தெரியும். பாறைகளில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு. தங்கள் கொடியின் நிறத்தை அழகுக்குப் பூசியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இது மலைப்பாதை, கால் தவறக்கூடாது என்பதற்கான அடையாளமாம் அது.

தேனுக்குக் காட்டுக்குப் போகும்போது எங்கள் ஐயா எந்தப் பக்கம் போகிறேன் என்று படலையில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார். உள்ளே போகப்போகக் கொப்பை முறித்துப் போட்டுக்கொண்டே போவார். சிறுவயதிலிருந்தே பார்த்தவன் நான். இருந்தும் ஒரு மஞ்சள் பலகையைக் கண்டதும் எல்லாவற்றையும் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தவன்போல நடந்தேன். எழுதிவைத்த பாதைதானே, இதில் என்ன ஆபத்து?

இரண்டரை மணித்தியாலத்தில் முகில் இறங்கியது. பிறகு மழை. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை குளிர் கூடும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், தோலில் படித்தது அன்றைக்கு. பருத்திச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது. சப்பாத்து வழுக்கியது. கைகள் நடுங்கியதில் போன் திரையை அழுத்தவும் முடியவில்லை. முடிந்திருந்தாலும் என்ன இலக்கம் அழுத்துவது? அங்கே ஹெலிகொப்டர் மீட்புக்கு 1414. அதுவும் அன்றிரவு வீட்டுக்குத் திரும்பியபிறகு மருமகன் சொல்லித்தான் தெரியும். ஹெலிகொப்டரைக் கண்டால் இரண்டு கையையும் உயர்த்தவேண்டுமாம். ஒரு கையை உயர்த்தி மறுகையைத் தாழ்த்தினால் உதவி வேண்டாம் என்று அர்த்தம். நான் என்றால் பஸ்ஸை மறிப்பதுபோல் ஒரு கையைத்தான் காட்டியிருப்பேன்.

ஏதோ என் நல்ல காலம், பாதி வழியில் ஏம்சிகன் என்று ஒரு ரயில் நிறுத்தம். அங்கே போய்ச் சேர்ந்தேன். கீழே வந்த ரயில்காரர் என் சப்பாத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டார்.

உச்சியைப் பார்த்தாயா என்று ஊரில் கேட்கிறார்கள். மூன்றாம் நாள் அத்தான் ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். முகில்தான் தெரிந்தது. ரிக்கெற் எவ்வளவு என்று மனுசன் இன்னும் வாய்திறக்கவில்லை.