1944 ஜூன் 22: ஒரே நாளில் பல போர்முனைகள்

நண்பர்களே, வணக்கம்.

இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒரு போர்முனையை எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். இன்று அப்படி வேண்டாம். 1944 ஜூன் 22, வியாழக்கிழமை. அந்த ஒரு நாளில் எங்கெங்கே என்ன நடந்தது என்று மட்டும் பார்ப்போம். ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். அன்று சண்டை நடந்த இடங்களில் பெரும்பாலானவை ஒரு துறைமுகம், ஒரு ரயில் பாதை, ஒரு மலைச் சாலை. சோறும் குண்டும் பெட்ரோலும் யாருக்குப் போய்ச் சேரும் என்பதற்குத்தான் அத்தனை அடிதடியும்.

நாள் பிறந்ததே நெருப்போடுதான். இங்கிலாந்திலிருந்து கிளம்பிய அமெரிக்க விமானங்கள் ஜெர்மனியில் ரூலாண்ட் என்ற ஊரின் செயற்கை எரிபொருள் ஆலையைத் தாக்கிவிட்டு, சோவியத் நாட்டின் பகுதியாக இருந்த உக்ரைனின் பொல்டாவாவில் போய் இறங்கியிருந்தன. அவற்றை ஒரு ஜெர்மன் விமானம் நோட்டம் பார்த்துவிட்டது. அன்றிரவே ஜெர்மானியர்கள் வந்தார்கள். வரிசையாக நின்ற பி-17 குண்டுவீச்சு விமானங்களில் 40-க்கும் மேற்பட்டவை தரையிலேயே எரிந்து போயின.

மேற்கே, அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் ஜூன் 6-இல் கரையிறங்கியிருந்த பிரான்சின் நார்மண்டியில், 19-ஆம் தேதி தொடங்கிய புயல் அன்றுதான் ஓய்ந்தது. ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கர்கள் கட்டியிருந்த செயற்கைத் துறைமுகத்தை அது சின்னாபின்னமாக்கியிருந்தது. சாமான் இறக்க உண்மையான துறைமுகம் ஒன்று உடனே வேண்டும். பக்கத்தில் இருந்தது செர்பூர். அங்கிருந்த ஜெர்மன் தளபதி ஷ்லீபனுக்கு அமெரிக்க ஜெனரல் காலின்ஸ் காலை ஒன்பது மணி வரை கெடு கொடுத்தார். பதில் வரவில்லை. மதியத்தை ஒட்டி விமானங்கள் சாரிசாரியாக வந்து குண்டு வீசின. அதில் சில குண்டுகள் அமெரிக்கப் படையின் தலையிலேயே விழுந்தன. ஷ்லீபன் 26-ஆம் தேதி சரணடைந்தார். ஆனால் அதற்குள் ஜெர்மானியர்கள் துறைமுகத்தை உடைத்து நொறுக்கிவிட்டார்கள். முதல் சரக்கு இறங்க ஜூலை பாதிக்கு மேல் ஆனது.

பெலாரஸில் அன்று வேறு விதமான காலை. ஹிட்லர் சோவியத் நாட்டுக்குள் புகுந்து சரியாக மூன்று வருடம். சோவியத் ராணுவமான செஞ்சேனையின் முன்னணிப் பிரிவுகள் ஜெர்மன் வரிசையை அங்கங்கே தட்டிப் பார்த்தன; பெருந்தாக்குதல் மறுநாள். அதற்குச் சில நாள் முன்பே காட்டிலிருந்த கெரில்லாக்கள் ஜெர்மன் முதுகுக்குப் பின்னால் ரயில் தண்டவாளங்களை ஆயிரக்கணக்கான இடங்களில் வெடிவைத்துத் தகர்த்திருந்தார்கள். அடி தெற்கே விழும் என்று நம்பி ஜெர்மானியர்கள் டாங்கிகளை அங்கே அனுப்பியிருந்தார்கள். ஜூலை 3-இல் மின்ஸ்க் மீட்கப்பட்டது. சில வாரங்களில் 28 ஜெர்மன் டிவிஷன்கள், அதாவது பல ஆயிரம் பேர் கொண்ட படைப் பிரிவுகள், அழிந்தன. நார்மண்டி பற்றி எத்தனையோ சினிமா பார்த்திருக்கிறோம். ஜெர்மன் படையின் முதுகெலும்பு முறிந்தது பெலாரஸில்தான் என்பது என் உறுதியான கருத்து.

பசிபிக் கடலில் ஜப்பானியர் பிடியில் இருந்த சைப்பான் தீவில் அமெரிக்க மரீன் படையினர் தபோச்சௌ மலைப் பக்கம் முன்னேறத் தொடங்கினார்கள். சீனாவில் ஜப்பானியர் ரயில் சந்திப்பான ஹெங்யாங்கை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் 47 நாள் தாக்குப்பிடித்தது.

சரி, இப்போது நம் நாட்டுக்கு வருவோம். திமாப்பூரிலிருந்து கோஹிமா வழியாக இம்பால் போகும் சாலை. மார்ச் கடைசியில் ஜப்பானியர் அதை வெட்டிவிட்டார்கள். இம்பாலில் சிக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையின் சுமார் ஒன்றரை லட்சம் பேருக்கு மூன்று மாதம் அரிசி, மருந்து, தோட்டா எல்லாம் விமானத்தில்தான் வந்தது. ஜூன் 22 காலை, கொட்டும் மழைக்காலத்தில், கோஹிமாவிலிருந்து இறங்கி வந்த பிரிட்டிஷ் 2-ஆவது டிவிஷனும் இம்பாலிலிருந்து ஏறி வந்த 5-ஆவது இந்திய டிவிஷனும் 109-ஆவது மைல்கல்லில் சந்தித்தன. சாலை திறந்தது.

எதிர்ப்பக்கம் என்ன நிலைமை? ஜப்பானியத் தளபதி முதாகுச்சி தன் ஆட்களை ஏறக்குறைய மூன்று வாரச் சாப்பாட்டோடு மலை ஏற்றி அனுப்பியிருந்தார். அதற்குள் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். கூடவே மாட்டு மந்தைகளையும் ஓட்டிவிட்டார். பர்மாவின் சிண்ட்வின் ஆற்றிலும் செங்குத்து மலையிலும் மாடுகள் செத்து விழுந்தன. கிடங்குகள் கைக்கு வரவில்லை. கோஹிமாவில் இருந்த ஜெனரல் சாட்டோ, அரிசி அனுப்புங்கள் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, உத்தரவை மீறித் தன் டிவிஷனைப் பின்வாங்கச் செய்தார். அதற்காக அவர் பதவி பறிபோனது. ராணுவ நீதிமன்றத்தில் பேசத் தயாராக இருந்தவரை, மனநிலை சரியில்லை என்று சொல்லி ஓரங்கட்டினார்கள்.

இம்பாலுக்கு அருகே பாலேல் பக்கத்து மலைகளில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தாரும் அதே பசியில், அதே மலேரியாவில் கிடந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்த படை அது. அதனால் இந்தச் சாலையின் கதை நமக்கு அந்நியமானதல்ல.

எனக்குத் தாங்க முடியாத இடம் ஒன்று உண்டு. ஜூன் முதல் வாரத்தில் முதாகுச்சியைப் பார்க்க அவருடைய மேலதிகாரி கவாபே வந்தார். திட்டம் தோற்றுவிட்டது என்று இருவருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்வது யார்? மற்றவர் சொல்லட்டும் என்று இருவருமே காத்திருந்தார்கள். பேசாமலே பிரிந்தார்கள். 22-ஆம் தேதி சாலை திறந்த பிறகும் படையைத் திருப்ப உத்தரவு வரவில்லை; ஜூலையில்தான் வந்தது. அதற்குள் மழையும் பேதியும் பட்டினியும் முந்திக்கொண்டன. சுமார் 85,000 பேர் போனதில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். குண்டுபட்டு இறந்தவர்களைவிட நோயிலும் பசியிலும் போனவர்களே அதிகம். அந்த இரண்டு ஜெனரல்களில் ஒருவர் ஜூன் முதல் வாரத்திலேயே வாயைத் திறந்திருந்தால், அவர்களில் பல ஆயிரம் பேர் உயிரோடு சிண்ட்வின் ஆற்றைத் தாண்டியிருப்பார்கள்.