மேஜை மேல மொகஞ்சதாரோ: மாடல் கண்காட்சி தொடக்க விழாவுல பேசினது

எல்லாருக்கும் வணக்கம். விழாவுக்குத் தலைமை தாங்குற தலைவர் ஐயா அவர்களுக்கும், இந்த ஹாலை ரெண்டு நாளைக்கு நமக்குன்னு ஒதுக்கித் தந்த செயலாளர் ஐயா அவர்களுக்கும், காலைல இருந்து நின்னுக்கிட்டே ஒவ்வொரு மேஜையா பார்த்து ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் கேள்வி கேட்ட தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கும், பேரன் பேத்தியக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கிற பெரியவங்களுக்கும் என் வணக்கம். தலைவர் ஐயாவுக்கு இதுக்கப்புறம் இன்னொரு விழா இருக்கு, இருந்தாலும் கடைசி வரைக்கும் இருக்கேன்னு சொல்லியிருக்காங்க, அதுக்குத் தனியா ஒரு நன்றி. யார் பேரையாவது விட்டிருந்தா பொறுத்துக்கணும்.

அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்னு சொல்வாங்க. அந்த மேஜை மேல பிள்ளைங்க கட்டி வச்சிருக்கிற மொகஞ்சதாரோ பெருங்குளத்தப் பார்த்தா அந்தப் பழமொழி எவ்ளோ நிஜம்னு தெரியும். செங்கல்லு, தண்ணி, தெரு, இந்த மூணப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன்.

முதல்ல செங்கல்லு. இப்ப பாகிஸ்தான்ல இருக்கிற சிந்து மாகாணத்துல, 1922ல தொல்லியல் ஆய்வாளர் ஆர்.டி. பானர்ஜி தோண்ட ஆரம்பிச்சு, 1924ல தொல்லியல் துறைத் தலைவரா இருந்த ஜான் மார்ஷல் உலகத்துக்கு அறிவிச்ச ஊரு அது, மொகஞ்சதாரோ. அங்க வீடுகள்ல பெரும்பாலும் இருக்கிற சுட்ட கல்லு 28 செ.மீ. நீளம், 14 அகலம், 7 உயரம். அதாவது உயரம் ஒண்ணுன்னா அகலம் ரெண்டு, நீளம் நாலு. சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இன்னொரு சிந்துவெளி நகரமான ஹரப்பாவுலயும் இதே கணக்குதான். நாங்க பத்துல ஒரு பங்கு ஸ்கேல்ல செஞ்சோம், அதனால ஒரு கல்லு 28 மில்லிமீட்டர், உங்க கட்டைவிரல் நுனி அளவுதான் வரும். ஆனா களிமண்ணு காயும்போதும் சுடும்போதும் சுருங்கும், எங்களுக்குக் கிடைச்ச மண்ணு பத்து சதவீதம் கிட்ட சுருங்குச்சு, அதனால மர அச்சை 31 மில்லிமீட்டருக்குச் செதுக்கினோம். இதெல்லாம் தெர்மாகோல்ல வராதுங்க. தெர்மாகோல வெட்டி செங்கல் கலர் பேப்பர ஒட்டினா மார்க் வரும், இந்தக் கணக்கு வராது.

இங்க ஒரு விஷயத்தச் சொல்லியே ஆகணும். பிள்ளைங்க வராண்டாவுல உக்காந்து சுவர் வச்சிட்டிருந்தாங்க. பக்கத்துக் கட்டடத்துல பூச்சு வேலைக்கு வந்த ஒரு கொத்தனார் பெரியவர், டீ குடிக்க வந்தவரு, டம்ளரும் கையுமா நின்னு பார்த்துட்டே இருந்தாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் மெதுவா, "கண்ணு, இந்தக் கல்லு ரெண்டக் குடு"ன்னு வாங்கினாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாரு, அதுக்கு மேல இன்னொரு கல்லக் குறுக்க வச்சாரு. சரியா உக்காந்துச்சு, ஒரு மயிரிழை கூட வெளிய தள்ளல. "ரெண்டு அகலம் ஒரு நீளம். ஒரு வரி நீட்டு வாக்குல வை, அடுத்த வரி குறுக்க வை, ஜாயின்ட் மேல ஜாயின்ட் வராது, செவுரு வாய் பொளக்காது. இத எவன் அறுத்தானோ அவன் தொழில் தெரிஞ்சவன்"னாரு. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின கல்லுன்னு ஒரு பொண்ணு சொன்னா. பெரியவர் டீ டம்ளரக் கீழ வச்சிட்டு உக்காந்துட்டாரு!

அப்புறம் அந்தப் பொண்ணு ஒரு போட்டோ காட்டினா. மொகஞ்சதாரோவுல நடுத்தெருவுல உயரமா ஃபேக்டரி புகைபோக்கி மாதிரி நிக்குமே, அது. இது என்ன கோபுரமான்னு பிள்ளைங்களுக்குள்ள ஒரே சண்டை. பெரியவர் போட்டோவக் கண்ணு கிட்டக் கொண்டு போய்ப் பார்த்தாரு. "கோபுரம் இல்ல தாயி, கெணறு. கல்லப் பாரு, உள்பக்கம் ஒடுங்கி வெளிப்பக்கம் அகண்டு ஆப்பு மாதிரி இருக்கு. வெளிய இருந்து மண்ணு தள்ளத் தள்ள இன்னும் இறுகும், உள்ள சரியாது. சுத்தி இருந்த மண்ண யாரோ எடுத்துட்டாங்க, அதான் இப்படி நிக்குது"ன்னாரு. அவ்ளோதாங்க விஷயம்! ஊரு நூற்றாண்டு நூற்றாண்டா உயர உயர கிணத்துச் சுவரையும் உயர்த்திட்டே வந்திருக்காங்க, அகழாய்வுல சுத்தியிருந்த மண்ண எடுத்ததும் கிணறு தனியா நின்னுடுச்சு. அந்த ஊர்ல எழுநூறு கிணறுக்கு மேல இருந்திருக்கும்னு ஆய்வாளர்கள் மதிப்பிடுறாங்க. படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியத அந்த மனுஷன் ஒரு போட்டோவப் பார்த்துச் சொல்லிட்டாரு, ஏன்னா அவரு கை அறியும். அடி மேல அடி, கல்லு மேல கல்லு, ஆயுசு பூரா வச்ச கை அது.

தண்ணி விஷயத்துக்கு வர்றேன். பெருங்குளம் நிஜத்துல 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், ஆழம் 2.4 மீட்டர். தரையில கல்லப் படுக்க வைக்காம ஒருக்களிச்சு நெருக்கி அடுக்கி, ஜிப்சம் பூசி, பக்கச் சுவருக்குப் பின்னாடி நிலக்கீல், அதாவது தார் மாதிரிப் பொருள், தடவியிருக்காங்க, தண்ணி கசியாம இருக்க. நம்ம மாடல் 120 சென்டிமீட்டர். தண்ணி ஊத்தியே காட்டியிருக்காங்க, போய்ப் பாருங்க.

சிட்னி பல்கலைக்கழக மியூசியத்துல 2015ல பழைய ரோமானிய நகரமான பாம்பேய லெகோ பொம்மைக் கட்டையில, 1,90,000க்கு மேல கட்டை வச்சுக் கட்டினாங்க. அருமையான வேலை, மறுக்கல. ஆனா அந்தக் கட்டை ரெடிமேடா வருது. மண்ணப் பிசைஞ்சு, அச்சுல அடிச்சு, காய வச்சு, சுட்டுக் கட்டும்போது கிடைக்கிற படிப்பு வேற. கல்லோட மதிப்பும் அப்பத்தான் தெரியும். ஹரப்பாவுல 1850கள்ல லாகூர் முல்தான் ரயில் பாதைக்கு அடியில கொட்ட அந்தப் பழைய செங்கல்ல வண்டி வண்டியா அள்ளிட்டுப் போனாங்க. ஒரு கல்லு செஞ்சு பார்த்த பிள்ளை அதக் கேட்டா அழுதுரும்.

அதனாலதான் போற இடமெல்லாம் கேக்குறேன், கைத்தொழில் பீரியட எங்க பிள்ளைங்களுக்குத் திருப்பிக் குடுங்க. டைம்டேபிள்ல பேரு இருக்கு, ஆனா பரீட்சை வந்தா மொதல்ல அந்தப் பீரியடத்தான் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கிறாங்க. மேல நான் சொன்ன 1:2:4, அதுவும் கணக்குப் பாடம்தானே, வேற என்னங்க? வாரத்துக்கு ஒரு பீரியட் போதும். அந்தப் பீரியடுக்கு ஒரு கொத்தனாரையோ தச்சரையோ குயவரையோ மரியாதையா அழைங்க, நாற்காலி போட்டு உக்கார வைங்க, உழைப்புக்கு உண்டான சம்பளத்தக் குடுங்க. ஒரே நாள்ல நடக்காதுன்னு சொல்வாங்க, அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும், நான் கேட்டுட்டேதான் இருப்பேன்.

தெருவப் பத்திப் பேச நேரம் இல்ல, செயலாளர் ஐயா கடிகாரத்தக் காட்டுறாங்க. தலைவர் ஐயா, இந்தப் பீரியட் கோரிக்கைய மனுவா எழுதி, பிள்ளைங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்திருக்காங்க. இப்பவே மேடைக்கு வரச் சொல்றேன், தயவுசெஞ்சு உங்க கையால வாங்கிக்கணும். வாங்க பிள்ளைங்களா.