தருவதும் கொடுப்பதும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஜப்பானிய மொழியில் பி.ஏ. படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, அப்பா ரப்பர் ஷீட்டைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம். அப்பா விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிற மனிதர். "மொழி படிக்கவா மக்களே டெல்லி வரைக்கும் போகணும்? மூணு மாசம் கிளாசுக்குப் போனா பேச வந்திராதா?" என்று கேட்டார். இன்றும் பல பெற்றோர் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இரண்டாம் செமஸ்டரில் நடந்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். 'கொடுப்பது' என்பதற்கு ஜப்பானியத்தில் அடிப்படையாக இரண்டு வினைச்சொற்கள் உண்டு. பிறர் எனக்குக் கொடுத்தால் 'குரேரு'. நான் பிறருக்குக் கொடுத்தால் 'அகேரு'. மாற்றிச் சொன்னால் பொருளே தலைகீழ். இந்தி பேசும் நண்பர்கள் ரொம்பத் தடுமாறினார்கள். அவர்களுக்கு 'தேனா' ஒன்றுதான். எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் மலையாளம். 'எனிக்கு தா', ஆனால் 'அவனு கொடுக்கு'. மாற்றிச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடத் திருத்தும். அன்று இரவே நூலகத்தில் தொல்காப்பியத்தை எடுத்துப் பார்த்தேன். தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று சொல்லதிகாரத்தில் அப்படியே இருக்கிறது. தமிழில் பின்னால் இந்த வேறுபாடு தளர்ந்துவிட்டது. மலையாளம் விடாமல் வைத்திருக்கிறது.

ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் பாதிதான் படித்ததாக அர்த்தம். 'உனக்குத் தருகிறேன்' என்கிறோம் நாம். நம் பழைய இலக்கணத்தில் 'நீ' என் பக்கம் நிற்கிறாய். ஜப்பானியத்தில் அதே இடத்தில் 'அகேரு' வரும். எதிரே இருப்பவர் வெளியாள். என் தங்கைக்கு வெளியாள் ஒன்று கொடுத்தாலும் 'குரேரு'தான், ஏனென்றால் தங்கை என் வீட்டாள். யார் உள்ளே, யார் வெளியே என்று அந்தச் சமூகம் போடுகிற கோடு வினைச்சொல்லிலேயே தெரிகிறது. இதைக் கண்டுகொள்ள அவர்களுடைய குடும்ப அமைப்பு, வரலாறு, இலக்கியம் எல்லாம் வேண்டும். மூன்று மாத வகுப்பில் அதற்கு நேரமில்லை.

இந்த ஒற்றுமையை வைத்துத் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று சொல்லிவிடவும் முடியாது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி ஓர் உறவை நிறுவப் பல ஆண்டுகள் உழைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆசையாக இருந்தாலும் சான்று போதுமா என்று நின்று கேட்கிற பழக்கம் எனக்குப் பட்டப்படிப்பில் வந்ததுதான்.

உழைப்பும் கொஞ்சநஞ்சமல்ல. 46 எழுத்து கொண்ட வரிசைகள் இரண்டு. அப்புறம் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு பட்டியலிட்ட 2,136 'கன்ஜி', அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள். ஒவ்வொன்றிலும் எந்தக் கோடு முதலில் என்பதற்கு ஒழுங்கு உண்டு.

வேலை கிடைக்குமா? கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரிய, ஜப்பானியத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தேவை இருக்கிறது. ஆனால் நம் மாவட்டத்துக்கு இதைவிட நெருக்கமான காரணம் ஒன்று உண்டு.

என் சித்தப்பா 22 வருடம் வளைகுடாவில் இருந்தார். அரபி சரளமாகப் பேசுவார். ஊருக்குத் திரும்பியபின் ஒருநாள் ஒரு காகிதத்தை நீட்டி, "இதில என்ன மக்களே எழுதியிருக்கு?" என்றார். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த காகிதம். எனக்கு அரபி தெரியாது. கூடப் படித்த தக்கலைத் தோழி அரபி மாணவி. படம் எடுத்து அனுப்பினேன். பணிக்கொடை முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி இல்லை என்று எழுதியிருக்கிறது என்றாள். சித்தப்பா ஒரு காசும் வாங்கியிருக்கவில்லை. அரபியில் தெருவில் பேசுவது வேறு, எழுதுவது வேறு. தெருவில் பழகியதை வைத்து ஓர் அரசுக் கடிதத்தைப் படிக்க முடியாது. நம் ஊரில் இத்தனை பேர் அந்த நாடுகளில் இருக்க, எழுத்து அரபியை முறையாகப் படித்தவர்கள் இன்னும் நிறைய வேண்டும் என்பது என் மனதில் உள்ள குறை.

இலங்கையின் காலி நகரில் 1911இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே நிறுத்திய கல். அதில் உள்ள ஆண்டு 1409. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் விஷ்ணுவாகிய தென்னவர நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயராலும் காணிக்கை. ஒரு மொழி மட்டும் தெரிந்தவர் ஒரு தெய்வத்தைத்தான் பார்ப்பார்.

நம் மண்ணிலும் இப்படி ஒரு படிப்பு நடந்தது. முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம். 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு சாலை, அதாவது கல்விச்சாலை அமைத்தான், 95 மாணவர்கள். சேர்பவருக்கு இலக்கணத்தோடு மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது செப்பேடு. ஆனால் அது வேதம் ஓதியவர்களுக்கு மட்டுமான சாலை. பால்வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் திறந்திருக்காது.

இன்று திறந்திருக்கிறது. டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சீனம், ஜப்பானியம், கொரியம், அரபி, பாரசீகம் பி.ஏ. ஆனர்ஸ் படிக்கலாம், க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சாந்திநிகேதனில் 1937இல் தொடங்கிய சீன பவனம் இருக்கிறது. மொழி முன்னமே தெரிந்திருக்கத் தேவையில்லை. நான் போனபோது எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் விண்ணப்பத் தேதியைத் தவற விடாதீர்கள். பெற்றோருக்குச் சந்தேகம் இருந்தால், அந்தத் தருவது, கொடுப்பது விஷயத்தை வீட்டில் சொல்லிப் பாருங்கள். என் அப்பா அதைக் கேட்டுவிட்டு, ஷீட்டை மடித்து வைத்தபடி, "அப்போ நம்ம பேச்சுலயே பாதி இருக்கே" என்றார்.

வணக்கம்.